அடுத்த செயலாளரை எங்கே தேடுவது?

கேள்வி: எங்கள் தொழில்முறைச் சங்கத்தில் பல ஆண்டுகளாக நானே ஊதியமில்லாத செயலாளராக இருந்து வருகிறேன். ஒவ்வொரு பொதுக்குழுவிலும் விலகப் போவதாகச் சொல்கிறேன். "நீங்களே இருங்கள்" என்று கைதட்டி முடித்துவிடுகிறார்கள். இளைய உறுப்பினர்களுக்கு ஆர்வமே இல்லையா?

பதில்: ஆர்வமில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், உங்கள் பதவி அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். துணை விதிகளில் செயலாளரின் கடமைகள் அரைப் பக்கத்துக்கு மேல் இருக்காது. ஆனால் சந்தா நினைவூட்டல், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, தணிக்கையாளருக்கான ஆவணங்கள், மாநாட்டு ஏற்பாடு, நள்ளிரவு மின்னஞ்சலுக்குப் பதில் என்று ஒவ்வொன்றாக உங்களிடம் வந்து சேர்ந்து, இன்று அது உங்கள் அளவுக்கே தைத்த சட்டையாகிவிட்டது. வேலையும் குடும்பமுமாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இளையவர் அதைப் பார்த்துப் பின்வாங்குவதில் வியப்பில்லை.

ஆகவே முதலில் பதவியைச் சிறிதாக்குங்கள்; ஆளைத் தேடுவது அதற்குப் பிறகு. சங்கத்துக்காக நீங்கள் செய்யும் வேலைகளை ஒரு மாதம் விடாமல் எழுதி வையுங்கள். செயலாளரின் கையொப்பம் இல்லாமல் நடக்காதவை சிலவே என்பதும், மற்றவை பழக்கத்தால் உங்களிடம் தங்கியவை என்பதும் அப்போது தெரியும். அந்த மற்றவற்றைப் பிரித்து, அதிகாரத்தோடு ஒப்படையுங்கள். அதிகாரத்தோடு என்பதுதான் முக்கியம். மாநாட்டுப் பதிவை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் நீங்கள் திருத்திக்கொண்டிருந்தால், அடுத்த ஆண்டு அவர் கூட்டத்துக்கே வரமாட்டார்.

"யாராவது முன்வருகிறீர்களா?" என்று பொது மேடையில் கேட்பதால் பயனில்லை, எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். தனித்தனியாகக் கேளுங்கள். இன்ன வேலை, இன்ன மாதம் வரை, வாரத்துக்கு ஏறத்தாழ இத்தனை மணி நேரம், உங்களைக் கேட்பதற்கு இன்ன காரணம் என்று சொல்லிக் கேட்டால், மறுப்பவர்கூட யோசித்துவிட்டுத்தான் மறுப்பார். கூடவே, நீங்கள் விலகும் தேதியைச் செயற்குழுவில் அறிவித்து நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்துவிடுங்கள். தேதி இல்லாத விலகலை எவரும் நம்புவதில்லை. உண்மையைச் சொன்னால், அறிவிப்பவரே நம்புவதில்லை.

ஒப்படைப்பில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சங்கத்தின் இணையதளப் பெயர் யாரோ ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். வங்கியிலிருந்து வரும் ஓடிபி எப்போதோ விலகிய பொருளாளரின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கும். வங்கியில் கையொப்பமிடுவோரை மாற்றப் பெரும்பாலும் செயற்குழுத் தீர்மானமும் சில வாரப் பொறுமையும் தேவைப்படும். எனவே தேர்தல் முடிந்த அன்று தொடங்காமல், கணக்குகளையெல்லாம் முன்கூட்டியே சங்கத்தின் பொது முகவரிக்கு மாற்றி வையுங்கள்.

கேள்வி: அடுத்த தலைவரை முன்பே தயார் செய்வது, தேர்தலை வெறும் சடங்காக்கிவிடாதா?

பதில்: ஒரே ஒருவரைத் தயார் செய்தால் ஆக்கிவிடும். பதவியில் இருப்பவர் தம் சாயலில் ஒருவரைப் பிடித்து வளர்ப்பது, எவ்வளவு நல்ல எண்ணத்தோடு செய்தாலும், முடிசூட்டு விழாவாகவே முடிகிறது. இரண்டு மூன்று பேருக்காவது பொறுப்பான வேலைகளில் பயிற்சி கிடைத்திருக்க வேண்டும். அவர்களில் யார் என்பதை உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்யட்டும்.

தயாரிப்பையும் தேர்தலையும் இணைக்க வழியுண்டு. மின், மின்னணுப் பொறியாளர்களின் உலகளாவிய அமைப்பான ஐஇஇஇ-யில் உறுப்பினர்கள் வாக்களித்து, ஓராண்டு முன்னதாகவே அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் முதல் ஆண்டில் உடனிருந்து கற்றுக்கொள்கிறார், அடுத்த ஆண்டு தலைவராகிறார், மூன்றாம் ஆண்டில் முந்தைய தலைவராக நிர்வாகக் குழுவில் தொடர்கிறார். சிறிய சங்கங்களுக்கு இம்முறை சுமையாகலாம். மூன்றாண்டுப் பொறுப்பு என்றதும் பலர் ஒதுங்கிவிடுவார்கள். அத்தகைய சங்கங்களில் ஓர் இணைச் செயலாளரும், எல்லாப் பதவிகளும் ஒரே ஆண்டில் காலியாகாதபடி மாறி மாறி முடியும் பதவிக்காலங்களுமே போதும்.

வேட்பாளர்களைப் பரிந்துரைக்கும் குழு இருந்தால், பதவியிலுள்ள தலைவர் அதில் இடம்பெறக் கூடாது. 1876இல் முதன்முதலில் வெளிவந்து இன்றும் பல சங்கங்கள் பின்பற்றும் ராபர்ட்டின் கூட்ட விதிமுறைகளும் இதையே சொல்கின்றன. தலைவர் இடையில் விலகினால் துணைத்தலைவரே தலைவராகிவிடுவார் என்பதும் அவ்விதிகளில் உண்டு. ஆகவே மேடையில் அமர்வதற்கு மட்டும் ஒருவரைத் துணைத்தலைவராக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: பதவி முடிந்த எங்கள் தலைவர் இன்னமும் எல்லாவற்றிலும் தலையிடுகிறார். எப்படிச் சொல்வது?

பதில்: வேலையில்லாமல் விட்டால் தலையிடத்தான் செய்வார். புதியவர்களுக்கு வழிகாட்டுவது, பழைய ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது போன்ற வரையறுத்த ஒரு பணியை ஓராண்டுக்கு மட்டும் எழுத்து மூலம் கொடுங்கள். செயற்குழுவின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுவதும் ஒப்படைப்பின் பகுதி என்று விதி வகுத்து, அதை இவருக்கு மட்டுமின்றி இனி வரும் எல்லாத் தலைவர்களுக்கும் பொதுவாக்கிவிடுங்கள்; அப்போது யாரும் அதைத் தனிப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொள்ள இடமிருக்காது.