பதில்: கராஜ் சேலில் கிடைத்த பேஸ்பால் அட்டைகள், ஆண்டே இல்லையே?

நண்பரே, கராஜ் சேலில் (வீட்டுப் பழைய பொருள் விற்பனையில்) கிடைத்த, பேஸ்பால் வீரர் படம் போட்ட அட்டைகளில் வெள்ளை ஓரம், அடியில் பழுப்பு எழுத்தில் வீரர் பெயரும் ஊரும், பின்னால் பீட்மான்ட் சிகரெட் விளம்பரம், அட்டை எண்ணும் ஆண்டும் இல்லை என்கிறீர்கள். படிக்கும்போதே மனசு துள்ளுகிறது! அசல் என்றால் அவை டி206 என்ற அட்டைத் தொகுப்பைச் சேர்ந்தவை. 1909 முதல் 1911 வரை சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்தவை. அந்தப் பெயரே பின்னாளில் ஜெஃபர்சன் பர்டிக் என்ற அட்டை சேகரிப்பாளர் தன் அட்டவணையில் கொடுத்ததுதான், அட்டையில் தேடாதீர்கள்.

முதலில் அளந்து பாருங்கள். அகலம் 36, உயரம் 67 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். தெளிவாகக் குறைந்தால் யாரோ ஓரத்தை நறுக்கியிருக்கலாம். பிறகு லென்ஸ் வைத்துப் பெயர் எழுத்துகளைப் பாருங்கள். அசலில் மை திட்டாக, முழுசாகப் படிந்திருக்கும். எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்தால் மறுபதிப்பு. அழுக்கும் மஞ்சளும் சாட்சியே அல்ல, அதைச் செயற்கையாக ஏற்றிவிடுகிறார்கள்.

உங்கள் அட்டைகளைப் பட்டியல் போடும்போது வீரர் பெயரை மட்டும் எழுதினால் போதாது. டை காப் என்ற ஒரே வீரருக்கே நான்கு வெவ்வேறு படங்கள் உண்டு. ஆகவே பெயர், அணி, படத்தில் வீரரின் போஸ், பின்பக்க பிராண்ட், அங்கே அச்சிட்ட '150', '350' போன்ற எண் (தொடரில் எத்தனை படங்கள் என்பது), தொழிற்சாலை எண் எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரே படம் வேறு பிராண்டில் வந்தால் அதைத் தனி வரியில் எழுதுங்கள். விலையே அதில் மாறும்.

தயவுசெய்து ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டாதீர்கள். இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து போடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.