எல்லாச் சரக்குக்கும் ஒரே 10: ரீஆர்டர் லெவல் ஏன் வேலை செய்வதில்லை?

கேள்வி: வணக்கங்க. பல்லடத்துல மோட்டார், பம்ப்செட் ஸ்பேர்ஸ் கடை வச்சிருக்கறோம். டேலி பிரைம்ல 1,400 ஐட்டம் இருக்குதுங்க. எல்லாத்துக்கும் ரீஆர்டர் லெவல் 10-ன்னு போட்டாச்சு. ரிப்போர்ட்டத் தொறந்தா நூத்துக்கணக்குல ஐட்டம் வந்து நிக்குது, ஒருத்தரும் பாக்கறதில்லீங்க. அப்படியிருந்தும் சித்திரையில கெபாசிட்டர் தீந்து போயி வந்தவங்க பக்கத்துக் கடைக்குப் போயிட்டாங்க. ஜோஹோ இன்வென்டரிக்கு மாறினா இது சரியாகுங்களா?

பதில்: மாறினாலும் அந்த 10 கூடவே வரும். சாஃப்ட்வேரில் கோளாறு இல்லை, எண்ணில்தான் இருக்கிறது.

ரீஆர்டர் லெவல் என்பது, இன்று ஆர்டர் சொன்னால் சரக்கு கடைக்கு வந்து சேரும்வரை எத்தனை விற்கும் என்ற கணக்கு. 5 ஹெச்.பி. மோனோபிளாக் பம்ப்செட் மாதம் 2 போகிறது, கோவை டீலரிடம் சொன்னால் மறுநாள் வந்துவிடுகிறது என்றால் அதற்கு 1 போதும். அங்கே 10 போட்டதால் அது வருடம் முழுக்க ரிப்போர்ட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதே 10 கெபாசிட்டருக்குப் பற்றவில்லை. உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான்.

கெபாசிட்டர் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 90 நாளில் 180 விற்றிருக்கிறது என்று வையுங்கள். 90-ஆல் வகுத்து நாளுக்கு 2 என்று எடுத்தால் தப்பு. அதில் 15 நாள் ரேக் காலியாக இருந்திருந்தால், விற்பனை நடந்தது 75 நாளில்தான். ஆக நாளுக்கு 2.4. தீர்ந்துபோன நாளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் எண் குறையும், குறைந்த எண்ணை லெவலாகப் போட்டால் மறுபடி தீரும். அடிக்கடி தீரும் ஐட்டத்துக்கே அளவு குறைவாக அமைவது இப்படித்தான்.

பார்சல் வழக்கமாக 4 நாளில் வருகிறது, மோசமான சமயத்தில் 7 நாள் ஆகிறது என்றால், 2.4 × 7 = 17. இது சராசரி மட்டும். விற்பனை ஒரே சீராக இருக்காதே. எனவே ஸ்டாக் ஐட்டம் ரிப்போர்ட்டில் தேதிவாரியாகப் பார்த்து, தொடர்ந்து வரும் ஏதாவது 7 நாளில் அதிகபட்சம் எவ்வளவு போயிருக்கிறது என்று தேடுங்கள். அது 26 என்றால் லெவல் 26. ஒரு நாளின் உச்ச விற்பனையை 7-ஆல் பெருக்கச் சொல்லும் சூத்திரமும் உண்டு. உச்சம் 9 என்றால் 63 வரும். வாரம் முழுக்க உச்சத்திலேயே விற்பதில்லை, காசுதான் ரேக்கில் முடங்கும்.

உங்கள் பழைய 10, இந்த வேகத்தில் நாலு நாள் சரக்கு. பார்சலும் நாலு நாள். பகலில் 10-க்கு இறங்கி, ஆர்டர் மறுநாள் போனாலே ரேக் காலி. கோடையில் நாளுக்கு 5, 6 என்று ஓடும்போது இரண்டு நாளைக்குக்கூட வராது.

டேலியில் இதைத் தானாகக் கணக்கிட வைக்கும் அட்வான்ஸ்டு முறை உண்டு. கடந்த இத்தனை நாள் அல்லது மாதத்தில் எவ்வளவு செலவானது என்பதை வைத்து லெவல் போடும். நீங்கள் எழுதிய எண், செலவுக் கணக்கு இரண்டில் கூடியதை எடு என்றும் சொல்லலாம். ஆனால் அது பின்னால் பார்க்கும் கணக்கு. தை மாதம் மூன்று மாதச் செலவை எடுத்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்து மந்த விற்பனைதான் கிடைக்கும். கெபாசிட்டர், மெக்கானிக்கல் சீல், கேபிள் மாதிரி கோடைச் சரக்கை இதை நம்பி விடாதீர்கள். மாசி பிறக்கும்போது போன வருடப் பங்குனி, சித்திரை விற்பனையைப் பார்த்துக் கையாலேயே ஏற்றுங்கள். மழை பிடித்ததும் இறக்கிவிடுங்கள். இறக்க மறந்தால் கோடைக்கு வாங்கும் அளவு மழையிலும் தொடரும்.

லெவலுக்குப் பக்கத்தில் மினிமம் ஆர்டர் குவான்டிட்டி என்ற கட்டத்தை வெற்றாக விட்டிருந்தால் நிரப்புங்கள். லெவல் 26, கையிருப்பு 24 என்றால் டேலி 2 வாங்கச் சொல்லும். 2 கெபாசிட்டருக்கு யாரும் பார்சல் போடப் போவதில்லை. பதினைந்து நாள் விற்பனையைக் கணக்கிட்டு (இங்கே 36), சப்ளையரின் பெட்டி அளவுக்கு முழுமையாக்கிப் போடுங்கள்.

இனி, எண் சரியாக இருந்தும் ரிப்போர்ட் பொய் சொல்லும் இடங்கள்.

முதலாவது, முடியாத ஆர்டர்கள். ரீஆர்டர் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் கையிருப்பை மட்டும் பார்ப்பதில்லை. வரவேண்டிய பர்ச்சேஸ் ஆர்டரைக் கூட்டி, கொடுக்கவேண்டிய சேல்ஸ் ஆர்டரைக் கழித்து, மிஞ்சுவதைத்தான் லெவலோடு ஒப்பிடுகிறது. 50 கெபாசிட்டருக்கு ஆர்டர் போட்டீர்கள், சரக்கும் வந்துவிட்டது. பர்ச்சேஸ் என்ட்ரி போடும்போது அந்த ஆர்டர் நம்பரைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், வந்த 50 ஸ்டாக்கில் ஏறும். ஆனால் ஆர்டரில் உள்ள அதே 50 இன்னும் வரப்போவதாகவே நிற்கும். ரேக் காலியானாலும் டேலி கணக்கில் 50 இருக்கிறது, ரிப்போர்ட்டில் அந்த ஐட்டம் வாங்க வேண்டியதாகத் தலைகாட்டாது. பர்ச்சேஸ் ஆர்டர் அவுட்ஸ்டாண்டிங்கை (முடியாத ஆர்டர்களின் பட்டியல்) ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய ஆர்டர் நிறையத் தேங்கியிருக்கலாம். சப்ளையர் 40 அனுப்பி 10 இல்லை என்று சொல்லியிருந்தால், அந்த மீதியை ப்ரீ-குளோஸ் செய்யுங்கள், அதாவது இனி வராது என்று முடித்துவிடுங்கள்.

அடுத்தது கேபிள். உங்கள் கடையில் இதுதான் பெரிய சிக்கலாக இருக்கும். மூணு கோர் ஃபிளாட் கேபிளை டிரம்மாக வாங்கி மீட்டரில் விற்கிறீர்கள். டேலியில் 240 மீட்டர் என்று காட்டும், லெவல் 150, எனவே சத்தமில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் 90, 70, 50, 30 என்று நாலு துண்டு. ஆயிரம் அடி போர்வெல்லுக்கு 300 மீட்டருக்கு மேல் ஜாயின்ட் இல்லாத கேபிள் வேண்டும் என்று வருபவருக்கு அதில் ஒன்றும் உதவாது. டிரம்மில் உள்ள முழு நீளத்தை ஒரு ஐட்டமாகவும், துண்டுகளைக் 'கட் பீஸ்' என்று தனி ஐட்டமாகவும் வையுங்கள். டிரம்மில் மிச்சம், நீங்கள் வழக்கமாக வெட்டிக் கொடுக்கும் நீளத்துக்குக் கீழே வந்ததும் ஸ்டாக் ஜர்னலில் (ஆல்ட் + எஃப்7) கட் பீஸுக்கு மாற்றுங்கள். லெவல் முழு நீள ஐட்டத்துக்கு மட்டும். கட் பீஸுக்கு லெவலே வேண்டாம், அது தீர்ந்தால் நல்லதுதான்.

யூனிட்டிலும் கவனம். வைண்டிங் ஒயரைக் கிலோவில் வைத்துக்கொண்டு ஸ்பூலை மனதில் நினைத்து 3 என்று அடித்தால், 3 கிலோவுக்கு இறங்கும்வரை ரிப்போர்ட் வாங்கச் சொல்லாது. 30 மீட்டர் ஹோஸ் ரோலிலும் இதே கதை.

பேரிங்கில் பெயர்க் குழப்பம் அதிகம். '6203 இசட்இசட்', '6203-இசட்இசட்', 'பேரிங் 6203' என்று மூன்று ஐட்டம் இருந்தால் ஸ்டாக் மூன்றாகப் பிரிந்து கிடக்கும். ஒன்று மைனஸில் நிற்கும், இன்னொன்று தீராமலே இருக்கும். ஆனால் ஒன்றாக்கும் அவசரத்தில் இரண்டு பக்கமும் தகடு மூடிய இசட்இசட்டையும், ரப்பர் சீல் வைத்த 2ஆர்எஸ்ஸையும் சேர்த்துவிடாதீர்கள். 17 மி.மீ. உள்விட்டம், 40 மி.மீ. வெளிவிட்டம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான், சரக்கு வேறு.

1,400 ஐட்டத்துக்கும் லெவல் தேவையில்லை. வாரம் ஒருமுறையாவது போகிற ஐட்டம், போகாவிட்டாலும் இல்லை என்று சொன்னால் வாடிக்கையாளர் கைவிட்டுப் போகும் ஐட்டம், இரண்டையும் சேர்த்து 150-க்குள் எடுங்கள். மற்றதற்கு லெவலை அழித்துவிடுங்கள்.

டேலி மணியடித்துக் கூப்பிடாது. காலையில் கடை திறந்ததும் ஆல்ட் + ஜி அழுத்தி ரீஆர்டர் ஸ்டேட்டஸ் என்று தட்டி ஒருவர் பார்க்க வேண்டும். ஆர்டர் சொல்லும் ஆளே பார்க்கட்டும். முந்தின நாள் கவுன்டரில் பில் போடாமல் கொடுத்ததெல்லாம் அதற்குள் ஏறியிருக்க வேண்டும். ஜோஹோவில் ஐட்டம் ரீஆர்டர் பாயின்டைத் தொட்டதும் மெயில் போகும்படி ஐட்டம் செட்டிங்கில் வைக்கலாம், அது வசதிதான். கடையில் மெயில் பார்க்கிற ஆள் இருந்தால் மட்டும்.

பொங்கல், தீபாவளி, ஆடிப் பதினெட்டுச் சமயத்தில் பார்சல் நாளைக் கூட்டிப் போட்டு லெவலை மாற்றுங்கள். லாரி ஆபீஸ் எத்தனை நாள் மூடுகிறார்கள், சப்ளையர் எப்போது திறக்கிறார் என்று இரண்டு வாரம் முன்பே கேட்டு, கெபாசிட்டர் என்றால் நாளுக்கு 2.4 வீதம் அந்த நாட்களைச் சேர்த்தால் போதும்.