பெரிய மைதானத்துக்கு மாறியதும் என் மகன் பேஸ்பாலில் திணறுகிறான். நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

டர்பனில் இருக்கிறோம், பையனுக்கு 13 நடக்கிறது, போன வருஷம் வரை அணியிலேயே அவன்தான் கெட்டிக்காரன், பெரிய மைதானத்துக்கு ஏற்றிவிட்ட இரண்டே மாதத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் ஆடுகிறான் என்று எழுதவில்லை. ஷார்ட்ஸ்டாப்பாகத்தான் இருப்பான், அதாவது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நிற்கிறவன் (பேஸ் என்பது ஓடுகிறவன் தொட்டாக வேண்டிய நான்கு மூலைகள்). சின்ன மைதானத்தில் யார் சூட்டிகையோ அவனைத்தான் அங்கே நிறுத்துவார்கள். என் மகனும் அங்கேதான் நின்றான்.

நான் கோச் இல்லை, டாக்டரும் இல்லை. மதுரையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். 2011-ல் ஜோகன்னஸ்பர்க் வந்த பிறகுதான் பேஸ்பாலைக் கண்ணால் பார்த்தேன். "உனக்கென்ன தெரியும், பெரிசா எழுத வந்துட்டே" என்று யாராவது கேட்கலாம். என் பையன் கைக்கு நான் செய்த காரியம் எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

சிறுவர்களுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் சின்ன மைதானத்தில் ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 60 அடி. பெரிய மைதானத்தில் 90 அடி. 30 அடிதானே என்று தோன்றும். நான்கு பேஸுக்கு நடுவில் இருக்கிற சதுரத்தைப் பெருக்கிப் பாருங்கள்: 3,600 சதுர அடி 8,100 ஆகிவிடுகிறது. இரண்டே கால் மடங்கு. அதே நான்கு பையன்கள்தான் அதைக் காக்க வேண்டும். மூன்றாவது பேஸிலிருந்து முதல் பேஸுக்குக் குறுக்கே எறிய 85 அடி கூட இல்லாமல் இருந்தது, இப்போது 127 அடி. பிட்சர், நம் கிரிக்கெட் பௌலர் மாதிரி, பேட்டருக்கு எறிகிற தூரம் 46 அடியிலிருந்து 60 அடி 6 அங்குலம். கிரிக்கெட் பிட்ச் 66 அடி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்த நீளத்துக்கு, ஓடிவராமல், நின்ற இடத்திலிருந்து, தரையில் குத்தாமல் எறிய வேண்டும். பையன் வருஷத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் வளர்கிறான். மைதானம் ஒரே நாளில் வளர்ந்துவிடுகிறது. லிட்டில் லீக்கில் இடையில் பிட்சருக்கு 50 அடி, பேஸுக்கு 70 அடி என்று ஒரு நடு அளவும் உண்டு. எங்கள் கிளப்பில் அது கிடையாது. மார்ச்சில் சின்ன மைதானத்தில் முடித்தவன் அக்டோபரில் பெரிய மைதானத்தில் நின்றான்.

முதல் மேட்ச் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மழை பெய்து காய்ந்த செம்மண். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே உருண்டு வந்த பந்தை வலப்பக்கம் பாய்ந்து சுத்தமாக எடுத்தான். எறிந்தான். பந்து முதல் பேஸுக்கு ரொம்ப முன்னாலேயே விழுந்து, இன்னொரு தடவை குத்தி, உருண்டுபோய்ச் சேர்ந்தது. ஓடியவன் பேஸைத் தாண்டிப் போயாயிற்று. மூன்று தடவை இப்படி. நான்காவது தடவை பந்தை எடுத்தான், எறியவே இல்லை. கையில் வைத்துக்கொண்டு முதல் பேஸையே பார்த்தபடி நின்றான்.

கையில் பலம் போதவில்லை என்று நானாகவே முடிவுகட்டினேன். எங்கள் குடியிருப்பின் உள்சாலையில் டேப் பிடித்து 127 அடி அளந்து சாக்பீஸால் கோடு போட்டேன். ஆபீஸ் விட்டு வந்ததும் தினமும் 60 எறி. "இன்னும் பலமா, இன்னும் பலமா" என்பதைத் தவிர வேறு எதுவும் நான் சொன்னதாக நினைவில்லை. ஐந்து வாரம் ஓடியது.

அப்போது மதுரையிலிருந்து என் அம்மா வந்திருந்தார். ஒரு நாள் ராத்திரி தோசை. அவன் இடது கையால் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். 

"ஏண்டா, பீச்சாங்கையாலயா சாப்பிடுற? சோத்துக்கை எங்க போச்சு?"

அவன் தலை நிமிரவில்லை. வலது கை மேசைக்கு அடியில் இருந்தது. "மடக்க முடியல பாட்டி" என்றான். எழுந்துபோய் முழங்கையின் உள்பக்கம் எலும்பு முட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் விரலை வைத்தேன். சுரீரென்று இழுத்துக்கொண்டான்.

"எத்தனை நாளாடா?"

"ரெண்டு வாரம்."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க ஆபீஸ்ல இருந்து களைச்சு வந்து எனக்காக நிக்கிறீங்கல்லப்பா."

அதற்கு மேல் அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

எக்ஸ்ரே எடுத்த டாக்டர் விளக்கினார். இந்த வயதில் எலும்பு வளர்கிற முனை இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொரு எறியிலும் தசை அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. ஓய்வே கொடுக்காமல் இழுத்தால் வீங்கும், விலகும். பிள்ளைகளிடம் இது அவ்வளவு சகஜமாம், இதற்கு லிட்டில் லீக் எல்போ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் பந்தைத் தொடக் கூடாது என்றார். லிட்டில் லீக் விதியில் 13 வயதுப் பிட்சர் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது. 66 பந்தைத் தொட்டாலே நாலு நாள் ஓய்வு. அந்தக் கணக்கெல்லாம் மேட்சில் பிட்ச் பண்ணுகிற பந்துக்குத்தான். வீட்டு வாசலில் அப்பன் எறியச் சொல்கிற பந்தை எந்த விதியும் எண்ணுவதில்லை. உங்கள் மகன் இன்று ராத்திரி எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்று தயவுசெய்து பாருங்கள். பள்ளிக்கூடப் பையை எந்தத் தோளில் மாட்டுகிறான் என்றும் பாருங்கள்.

எங்கள் கிளப்பில் வயதான கோச் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் அவரை ஊம் என்றுதான் கூப்பிடுவார்கள், ஆப்பிரிக்கான்ஸில் மாமா என்று அர்த்தம். நான் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "கையை விடு, காலைக் கொண்டு வா" என்றார். ஆறு வாரமும் என் மகன் பந்தே இல்லாமல் கால் வைக்கப் பழகினான்: உருண்டு வருகிற பந்துக்கு எப்படி வளைந்து போவது, எடுத்த வேகத்திலேயே முதல் பேஸைப் பார்த்து இரண்டு எட்டு எப்படி எடுத்துவைப்பது. சின்ன மைதானத்தில் நின்றபடியே கையை வீசினால் போதும். பெரிய மைதானத்தில் எறி காலிலிருந்து கிளம்ப வேண்டும். டாக்டர் சரி என்ற பிறகு, முதல் பேஸுக்குச் சில எட்டு முன்னால் ஒரு பழைய சாக்கைப் போட்டு அதன்மேல் குத்தி எறியச் சொன்னார் ஊம். இரண்டு தடவை குத்தினால்தான் பந்து செத்துப்போகிறது. தாழ்வாக வேகமாக எறிந்து ஒரே ஒரு குத்து என்றால் நெஞ்சு உயரத்துக்கு ஒழுங்காக வந்து சேர்கிறது. சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் டேவ் கான்செப்சியோனே செயற்கைப் புல்லில் இப்படிக் குத்தி எறிந்தவர்தான் என்று ஊம் சொன்னபோது என் மகன் முகம் மாறியதைப் பார்த்தேன்.

மற்றதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டிங்கில் பயப்பட வேண்டாம், அவகாசம் கூடுகிறது. 46 அடியில் 100 கி.மீ. வேகத்தில் வருகிற பந்துக்குக் கிடைக்கும் நேரம், பெரிய மைதானத்தில் 130 கி.மீ. பந்துக்குக் கிடைக்கும். முதல் சில வாரம் எல்லாப் பையன்களும் முந்திக்கொண்டு மட்டையைச் சுழற்றுவார்கள், அவ்வளவுதான். சின்ன மைதானத்தில் 200 அடி வேலியைத் தாண்டிய அடி இங்கே சாதாரண கேட்ச். சீக்கிரம் வளர்ந்த உடம்பை மட்டும் நம்பி ஆடிய பையன்கள் இங்கேதான் மாட்டுவார்கள். பேஸில் நிற்கிறவன் பந்து பேட்டரை எட்டும்வரை நகரக் கூடாது என்ற விதியும் போய்விடும். ஓடுகிறவன் முன்கூட்டியே விலகி நிற்கலாம், அடுத்த பேஸுக்குத் திருடி ஓடலாம், பிட்சரும் திரும்பி பேஸுக்கு எறிந்து அவனை அவுட்டாக்கலாம். புத்தி உள்ள பையனுக்கு இது வரம். நாங்கள் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே இருக்கிறோம், காற்று லேசு, அடித்த பந்து கூடுதலாகப் பறக்கும். டர்பனில் உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை மேட்ச், அதே நேரம் தமிழ் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று வகுப்பு நடத்துகிறவர்களிடம் கெஞ்சினேன். "பந்தா தமிழா, முடிவு பண்ணிக்கங்க" என்றார்கள், நாலு பேர் முன்னால். கிரிக்கெட்டுக்குப் போகிற பிள்ளைகளுக்கு மட்டும் விடுப்பு உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. தினமும் அரை மணி நேரம் நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். இன்று அவன் பாட்டிக்குத் தன் கையால் தமிழில் கடிதம் எழுதுகிறான். அந்த வகுப்பில் தவறாமல் இருந்த எத்தனை பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

மறு வருஷம் ஊம் அவனை இரண்டாவது பேஸுக்கு மாற்றினார். அங்கிருந்து முதல் பேஸுக்கு எறி குறுகியது. அவன் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு அழுதான். தென்னாப்பிரிக்காவின் கிஃப்ட் ங்கோபே இரண்டாவது பேஸும் ஷார்ட்ஸ்டாப்பும் ஆடியவர், ஆஜானுபாகு எல்லாம் இல்லை, ராண்ட்பர்க் கிளப்பில் அவர் அம்மா வேலை பார்த்தார், அந்தக் கிளப் கட்டிடத்திலேயே வளர்ந்தவர் என்று சொன்னேன். 2017 ஏப்ரல் 26-ல் பிட்ஸ்பர்க் அணிக்காக இறங்கினார். அமெரிக்க மேஜர் லீக்கில் ஆடிய முதல் ஆப்பிரிக்கர். முதல் தடவை மட்டை பிடித்தபோதே ஹிட் அடித்தார். எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கிளப் அரை மணி நேரம்கூட இல்லை. அடுத்த சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

இப்போது அவனுக்கு 15. இன்னும் இரண்டாவது பேஸில்தான் நிற்கிறான், தேவைப்பட்டால் ஷார்ட்ஸ்டாப்புக்குப் போகிறான். போன மாதம் பழைய இடத்திலேயே, வலப்பக்கம் பாய்ந்து எடுத்து, ஒரே குத்தில் முதல் பேஸுக்கு அனுப்பினான். மேட்ச் முடிந்து காரில் ஏறியதும் அவன் முழங்கையைத் தொட்டுப் பார்த்தேன். இப்போதெல்லாம் பழக்கமாகிவிட்டது.

"வலிச்சா சொல்லிடுவேன்ப்பா" என்றான்.