15 யூனிட் கூடினால் 344 ரூபாய் கூடுமா? வீட்டுச் செலவு கேள்வி-பதில்

போன முறை 492 யூனிட், கரண்ட் பில் 1,755 ரூபாய். இந்த முறை 507 யூனிட், 2,099 ரூபாய். 15 யூனிட்டுக்கு 344 ரூபாயா? மீட்டரில் கோளாறா, கணக்கெடுக்க வந்தவர் தப்பாகப் போட்டுவிட்டாரா? (வாசகர், மதுரை)

மீட்டரும் சரி, கணக்கும் சரி. நீங்கள் 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய் வீதம், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. சரியாக 500 யூனிட் ஓட்டினால் 1,805 ரூபாய் வரும்.

501-வது யூனிட் ஓடியதும் பட்டியலே மாறுகிறது. முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் அடுத்த 100 யூனிட்டுக்கு இருந்த 2.35 என்ற சலுகை விலை போய், 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். அதிலேயே 235 ரூபாய் போயிற்று. 500-க்கு மேல் 600 வரை ஒவ்வொரு யூனிட்டும் 8.40. ஆக, அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! உங்கள் 507-ஐப் போட்டுப் பாருங்கள்: 1,410 + 630 + 58.80. ரூபாய்க்கு முழுமைப்படுத்தினால் 2,099.

இதற்காக வீட்டில் உள்ளவர்களிடம் "லைட்டை அணை, லைட்டை அணை" என்று தினமும் சண்டை போட வேண்டாம். 9 வாட் எல்.இ.டி. பல்பை அணைத்து அணைத்து நீங்கள் மிச்சம் பிடிப்பது சில்லறை. பார்க்க வேண்டியது வேறு இரண்டு இடங்கள்.

ஒன்று, நாள் கணக்கு. ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் குறித்து வையுங்கள். 45-வது நாள் மீட்டரைப் பாருங்கள். 375 யூனிட்டுக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 390, 400 என்று ஓடியிருந்தால் கடைசிப் பதினைந்து நாளில் ஏ.சி.யை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்துவது, கீசரைக் குறைப்பது என்று ஏதாவது செய்தால் கோட்டுக்குள் நிற்கலாம். 2,000 வாட் கீசர் தினம் அரை மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்த வித்தை உதவும். 800 யூனிட் ஓட்டுகிறவருக்கு இதனால் பிரயோசனம் இல்லை.

இரண்டாவது, மின்விசிறி. நம் ஊரில் அதிக நேரம் ஓடுகிற சாதனங்களில் அதுவும் ஒன்று, ஆனால் பழி எல்லாம் ஏ.சி. மேல். பழைய ஃபேன் 70 முதல் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேன் (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது) முழு வேகத்தில் 28 முதல் 35 வாட். ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம், தினம் 15 மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 40 யூனிட். 580 யூனிட் ஓடுகிற வீட்டில் ஹால் ஃபேனையும் படுக்கையறை ஃபேனையும் மாற்றினால் 500-ல் வந்து நிற்கும். பில் 2,712-லிருந்து 1,805 ஆகும். ஆனால் 250 யூனிட் ஓடுகிற வீட்டில் ஒரு ஃபேனை மாற்றினால் ஒரு பில்லுக்கு 190 ரூபாய்தான் குறையும். அங்கே 3,000 ரூபாய் கொடுத்து, நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்ற அவசரம் இல்லை. பழையது ரிப்பேர் ஆகும்போது மாற்றிக்கொள்ளலாம். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடுகிற அறையில் பி.எல்.டி.சி. மாட்டுவது வெறும் ஆசை.

ஒரே பிராண்ட் கடலை எண்ணெய். 1 லிட்டர் பாக்கெட் 160 ரூபாய், பக்கத்திலேயே 850 கிராம் பாக்கெட் 155 ரூபாய். எது லாபம்? (வாசகி, ஈரோடு)

லிட்டர் பாக்கெட்தான். 1 லிட்டர் எண்ணெய் 1 கிலோ அல்ல, ஏறக்குறைய 910 கிராம். அந்தக் கணக்கில் லிட்டர் பாக்கெட் கிலோ 176 ரூபாய் விழுகிறது. 850 கிராம் பாக்கெட் கிலோ 182. விலைச்சீட்டில் 5 ரூபாய் குறைவு, வீட்டுக்கு வந்தால் கிலோவுக்கு 6 ரூபாய் கூடுதல்.

முன்பு எண்ணெய், பிஸ்கட், சோப்பு போன்றவற்றை 500 கிராம், 1 கிலோ என்று குறிப்பிட்ட அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்று விதி இருந்தது. பொட்டலப் பொருள் விதிகளில் செய்த திருத்தத்தால் 2022-ல் அது போய்விட்டது. இப்போது 850, 730 என்று எந்த அளவிலும் விற்கலாம். அதற்கு ஈடாக, ஒரு கிராம் அல்லது ஒரு மில்லி எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். கிலோவுக்கு மேல் உள்ள பாக்கெட்டில் கிலோ விலை இருக்கும். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த எண்ணைப் பாருங்கள். பெரிய விலையை விட அதுதான் உண்மையைச் சொல்லும்.

இன்னொன்றும் அதில் தெரியும்: பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு இல்லை. பல ஷாம்பு பிராண்டுகளில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷே, பாட்டிலை விட மில்லி கணக்கில் மலிவு. குப்பை சேரும் என்பது வேறு விஷயம்.

ரேஷனில் துவரம் பருப்பும் பாமாயிலும் போடுகிறார்கள். எங்களுக்குப் போய் வரிசையில் நிற்கக் கூச்சம். பருப்பு வேகவும் மாட்டேன் என்கிறது. விட்டுவிடலாமா? (வாசகி, தாம்பரம்)

ஏன் விட வேண்டும்? துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் துவரம் பருப்பு மூன்று, நான்கு மடங்கு விலை. மாதம் ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கினாலே 150 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் ஒரு விசில் கூடுதலாக விடுங்கள். பாமாயில் வேண்டாம் என்றால் பருப்பை மட்டும் வாங்குங்கள், கட்டாயம் எதுவும் இல்லை.

கூச்சப்பட்டுப் போகாமல் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் வாங்காத பருப்புக்கு உங்கள் செல்போனில் "வாங்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தால், உங்கள் பங்கு வேறு யாருக்கோ போகிறது. 1967 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்யலாம்.

சிலிண்டர் கொண்டு வருபவர் பில்லுக்கு மேல் 50 ரூபாய் கேட்கிறார். சிலிண்டரும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. எடை குறைவோ என்று சந்தேகம். (வாசகி, திருச்சி)

பில் தொகையிலேயே வீட்டுக்குக் கொண்டு வரும் கட்டணம் அடக்கம். பில்லில் உள்ளதைக் கொடுத்தால் போதும். மூன்று மாடி தூக்கி வந்த மனிதருக்கு நீங்களாகப் பார்த்து 20 ரூபாய் கொடுப்பது வேறு, அவர் விலை மாதிரி நிர்ணயித்துக் கேட்பது வேறு. முதலில் ஏஜென்சியில் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் 1800-2333-555.

எடைக்கு வருவோம். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தில் காலி சிலிண்டரின் எடை எழுதியிருக்கும், 15.8 கிலோ என்பது மாதிரி. அதோடு 14.2 கிலோ கேஸ் சேர்த்தால் மொத்தம் 30 கிலோ வர வேண்டும். அவர் கொண்டு வரும் தராசிலேயே எடை போட்டுக் காட்டச் சொல்லி நீங்கள் கேட்கலாம். அது உங்கள் உரிமை. தராசு இல்லை என்றால் அதையும் புகாரில் சேருங்கள். சீல் உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதே வளையத்தின் உட்புறம் B-27 என்பது போல ஒரு குறியீடு இருக்கும். A என்றால் மார்ச், B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர், பக்கத்தில் ஆண்டு. அந்தத் தேதிக்குள் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி முடிந்ததை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். இது காசு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

எடை சரியாக இருந்தும் சீக்கிரம் தீர்கிறது என்றால் அடுப்பைப் பாருங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்து, பாத்திரத்தின் அடி கரி பிடித்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும்.

அப்பாவுக்கு சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரைகளுக்கு மட்டும் மாதம் 2,600 ரூபாய் ஆகிறது. மலிவு மருந்தகங்களில் வாங்கினால் தரம் இருக்குமா? (வாசகர், சேலம்)

மாத்திரை அட்டையில் பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும்: மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், அட்டோர்வாஸ்டாடின் என்று. பக்கத்தில் எத்தனை மில்லிகிராம் என்றும் இருக்கும். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். போன்ற எழுத்துகள் இருந்தால், மெதுவாகக் கரையும் மாத்திரை என்று அர்த்தம். இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "இதையே மருந்துப் பெயரில் எழுதித் தர முடியுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் எழுதித் தருவார்கள்.

அந்தச் சீட்டோடு மத்திய அரசின் மக்கள் மருந்தகம், இல்லாவிட்டால் மாநில அரசின் முதல்வர் மருந்தகம். இரண்டாவது 2025 பிப்ரவரி 24-ல் 1,000 கடைகளோடு தொடங்கியது. இந்த மூன்று வகை மாத்திரைகளும் அங்கே பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். தரம் பற்றிக் கேட்டீர்கள். உரிமம் பெற்று அதே மருந்து விதிகளின்கீழ் தயாராகிறவைதான் அவையும். மாற்றிய முதல் மாதம் சுகரையும் பிரஷரையும் ஒருமுறை கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சந்தேகம் தீரும். ஆனால் வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளை டாக்டரைக் கேட்காமல் மாற்றவே கூடாது.

இதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது, நடுத்தரக் குடும்பங்கள் அதைத் தங்களுக்கு இல்லை என்று நினைத்துக்கொள்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். போய்ப் பதிவு செய்து பாருங்கள்.

வட்டி இல்லாத இ.எம்.ஐ.யில் 24,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின். நிஜமாகவே வட்டி இல்லையா? (வாசகர், கோவை)

வட்டி இருக்கிறது, விலைக்குள் ஒளிந்திருக்கிறது. "ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள். 22,500 என்று பதில் வந்தால் அந்த 1,500 தான் வட்டி. இது போக வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., பிராசஸிங் கட்டணம் என்று கொசுறுச் செலவும் உண்டு. பூஜ்ய வட்டி என்ற பேச்சு வாடிக்கையாளரைத் திசை திருப்புகிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. ரொக்க விலையும் அதே 24,000 தான் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

தெரிந்த அக்கா ஒருவர் தீபாவளிச் சீட்டு நடத்துகிறார். மாதம் 500 ரூபாய், 12 மாதம். கடைசியில் மளிகை, இனிப்பு, பட்டாசு, வெள்ளிக் காசு என்று 7,500 ரூபாய்ப் பொருள் என்கிறார். சேரலாமா? (வாசகி, வேலூர்)

6,000 கட்டினால் 7,500 என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அந்த 7,500 எந்த விலையில் என்று கேளுங்கள். பட்டாசுப் பெட்டியில் 3,000 ரூபாய் என்று அச்சிட்டிருக்கும். "70 சதவீதம் தள்ளுபடி" என்று பலகை மாட்டிய கடையில் அதையே 900-க்கு வாங்கிவிடலாம். பட்டாசு எம்.ஆர்.பி. அப்படித்தான். மளிகையும் அச்சடித்த விலையில் கணக்கிட்டிருப்பார்கள். பட்டியலை வாங்கி உங்கள் தெருக் கடை விலையில் கூட்டிப் பாருங்கள். 6,000-ஐத் தொடுகிறதா என்றே சந்தேகம்தான்.

அதே 500 ரூபாயை வங்கியில் ஓராண்டு ஆர்.டி. போட்டால் வட்டி 200 ரூபாய் சொச்சம்தான் கிடைக்கும். பெரிய லாபம் இல்லை. ஆனால் பணம் இருக்கும்.

அக்கா நல்லவராகவே இருக்கலாம். ஊரில் நூறு பேரிடம் வசூலித்து மேலே ஒருவரிடம் கட்டுகிற ஏஜென்டாக அவர் இருந்தால், மேலே இருப்பவர் ஓடும்போது முதலில் மாட்டுவதும் அவர்தான். பதிவு செய்யாமல் இப்படி ஊராரிடம் பணம் திரட்டுவதை 2019-ல் வந்த சட்டம் தடை செய்கிறது. பதிவு எண், ரசீது இரண்டையும் கேளுங்கள். "நமக்குள்ள என்ன ரசீது?" என்று பதில் வந்தால் சேராதீர்கள். அக்கா கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் "கூலிங் சார்ஜ்" 2 ரூபாய் வாங்குகிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா? (வாசகர், விழுப்புரம்)

கடையில் வேண்டியதில்லை. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை, ஃப்ரிட்ஜ் செலவு கடைக்காரருடையது. பில்லையோ படத்தையோ வைத்துக்கொண்டு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் சொல்லலாம். எடையளவுச் சட்டத்தைக் கவனிக்கும் தொழிலாளர் துறையிலும் புகார் கொடுக்கலாம். உட்கார்ந்து சாப்பிடுகிற ஹோட்டலுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே சேவையும் சேர்ந்திருப்பதால் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது.

தெருமுனையில் கடன் சொல்லி வாங்குகிற அண்ணாச்சியிடம் இந்த 2 ரூபாய்க்காக நான் மல்லுக்கு நிற்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டில் 20 ரூபாய் பாட்டிலை 25-க்கு விற்பவரிடம் கட்டாயம் பில் கேட்பேன்.