துவரம்பருப்பு வேகாததற்குக் குக்கர் காரணமில்லை

குக்கரை மாற்றாதீர்கள், தண்ணீரை மாற்றுங்கள். வாடகை குறைவென்று மும்பை மாதுங்காவிலிருந்து பெங்களூர் வர்த்தூருக்கு வந்தபின், ஆறு விசில் விட்டும் துவரம்பருப்பு விறைத்து நிற்கிறது, பாத்திரங்களில் வெள்ளை படிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வெள்ளையே சாட்சி. உங்களுக்கு வருவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர் அல்லது லாரித் தண்ணீர். அதிலுள்ள கால்சியம் பருப்பை மசியவிடாது. மும்பையில் பழகியதோ பாட்சா, தான்சா ஏரித் தண்ணீர். போதாக்குறைக்குப் பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

ஒரே பருப்பை இரண்டு கிண்ணங்களில் போட்டு, ஒன்றில் குழாய்த் தண்ணீரும் மற்றதில் கேன் தண்ணீரும் ஊற்றி, ஒரே குக்கரில் அடுக்கிப் பாருங்கள். கேன் தண்ணீர்ப் பருப்பு மட்டும் குழைந்தால் சந்தேகம் தீர்ந்தது. இரண்டுமே வேகாவிட்டால் பருப்பு பழையது, கடைக்காரரிடம் சண்டை போடலாம். (இதெல்லாம் தெரியாமல் நான் இரண்டு கேஸ்கெட் வாங்கி வீணாக்கினேன்.)

சிட்டிகை சமையல் சோடா போட்டால் வேகும்தான். ஆனால் சோப்பு வாடை அடிக்கும், பி வைட்டமினும் குறையும், தினமும் வேண்டாம். புளியையும் பருப்பு வெந்த பிறகே சேருங்கள்.

பெங்களூருக்குக் காவிரி நீர் கொண்டுவரும் ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இணைப்புக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். அதுவரை சமையலுக்கு மட்டும் கேன் போதும், குளிப்பதற்கும் கேன் வாங்காதீர்கள். வாடகையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.