அடைப்புக்குறிக்குள் ஏழு கிலோ

அன்புள்ள ஐயா,

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். 2018ல் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் காமன்வெல்த் பளுதூக்குதலில் இரண்டாம் முறை தங்கம் வாங்கியபோது என் தம்பி ஏழாம் வகுப்பு. அடுத்த வருடமே ஜிம்மில் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் பாதிச் செலவு முட்டைக்கும் பாலுக்கும்தான். இந்த வருடம் நேஷனல்ஸில் ஒன்பதாவது வந்தான் (போன வருடத்தைவிட ஏழு கிலோ அதிகம் தூக்கினானாம்). மொத்தத்தில் ஒன்றும் சாதிக்கவில்லை. சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. சதீஷுக்கும் அதிர்ஷ்டம் கொஞ்சம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். 2014ல் தூக்கியதைவிடக் குறைவாகத் தூக்கித்தானே 2018ல் தங்கம் வாங்கினார்? தம்பியை இதை விட்டுவிட்டு குரூப் 4க்குப் படிக்கச் சொல்லலாமா? அவனை வைத்து ஒரு நாவல் எழுதவும் ஆசை. எப்படித் தொடங்குவது என்று சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

நாவல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எழுத வேண்டாம். இருபது வயதுப் பையன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் தோல்வியை அக்கா கதையாக்கி விற்கக் கூடாது. முட்டைச் செலவு எல்லா வீட்டிலும் உள்ளதுதான், விடுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்தில் உள்ள அந்த அடைப்புக்குறி. ஏழு கிலோவைத் தூக்கி அதற்குள் போட்டுவிட்டு, அதற்கு அடுத்த வரியிலேயே ‘ஒன்றும் சாதிக்கவில்லை’ என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? ‘தூக்கினானாம்’ வேறு. ஒரே வீட்டில் இருக்கிறீர்கள், யாரோ சொல்லிக் கேள்விப்பட்ட மாதிரி எழுதுகிறீர்கள்.

சதீஷ் கணக்கையும் சரியாகப் பார்ப்போம். 2014 கிளாஸ்கோ, உடல் எடை 77 கிலோ வரை உள்ளவர்கள் பிரிவு. ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில் 149, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328. தங்கம். 2018 கோல்ட் கோஸ்ட்டில் 144, 173, மொத்தம் 317. மறுபடி தங்கம். பதினோரு கிலோ குறைவு, ஆகவே அதிர்ஷ்டம் என்கிறீர்கள். அந்தப் போட்டிக்கு அவர் தொடைக் காயத்தோடு போனவர். ஸ்நாட்ச் முடிந்தபோது இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145, இவர் 144. அப்புறம் ஆலிவர் 171ஐ இரண்டு முறை எடுக்கப் பார்த்து முடியாமல் போனது. இவர் 173ஐ முடித்துவிட்டுக் கடைசி வாய்ப்பை எடுக்காமலே விட்டார். தேவைப்படாத எடையைத் தொடாமல் காலைக் காப்பாற்றிக்கொண்டு வந்த மனிதரைப் போய் அதிர்ஷ்டக்காரர் என்கிறீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருந்த வருடத்தை நீங்கள் விழுங்கிவிட்டீர்கள். நீங்கள் மட்டுமல்ல, ஊரே விழுங்கிவிட்டது. 2016, ரியோ ஒலிம்பிக். ஸ்நாட்ச் 148, கிளீன் அண்ட் ஜெர்க் 181, மொத்தம் 329. மூன்று போட்டிகளில் பெரிய எண் இதுதான். அன்று கிடைத்த இடம் பதினொன்று. கிளாஸ்கோவிலிருந்து திரும்பியபோது மாலை போட்ட ஊர், அதைவிட ஒரு கிலோ கூடத் தூக்கிவிட்டு வந்தபோது ‘ம், ஒலிம்பிக்கில் தோத்துட்டான்’ என்றது. இரும்பு கிளாஸ்கோவில் ஒரு எடை, ரியோவில் ஒரு எடையா?

அந்த ரியோ மேடையில் 77 கிலோவில் முதலில் வந்தவர் கஜகஸ்தானின் ரகிமோவ். சீனாவின் லியூ சியாவ்ஜுன் அவருக்குச் சமமாக 379 கிலோ தூக்கியும், உடல் எடை கூடுதல் என்பதால் இரண்டாம் இடம். ஊக்கமருந்து சோதனைக்குத் தன் சிறுநீருக்குப் பதிலாக வேறொருவருடையதைக் கொடுத்தார் என்று 2022ல் முடிவாகி, ரகிமோவுக்கு எட்டு வருடத் தடை விதித்து, தங்கத்தையும் பறித்தார்கள். ஆக, ஒலிம்பிக் தங்கமே கைமாறுகிற பொருள். சதீஷ் வாங்கிய இரண்டு தங்கமும் 77 கிலோ பிரிவில். அந்தப் பிரிவையே 2018 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். 329 மட்டும் 329ஆகவே இருக்கிறது.

நான் சத்துவாச்சாரியில் வளர்ந்தவன். எங்கள் தெருக் கோடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு கொட்டகை ஜிம். நடத்தியவர் மிலிட்டரியிலிருந்து வந்தவர், எல்லாருக்கும் அவர் மாஸ்டர். தோளிலிருந்து கைபலத்தாலேயே தலைக்கு மேல் தள்ளுகிற பிரெஸ் என்று ஒரு லிஃப்ட் இருந்த காலத்து ஆள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு அதை எடுத்துவிட்டார்கள் என்பதை, சொந்த நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வேலூர் சித்திரை வெயில் உங்களுக்குத் தெரியும். மதியத்தில் பாரைத் தொட முடியாது, ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். நான் ஒரு நாளும் தூக்கியவன் அல்ல. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை நோட்டு எழுத வைத்திருந்தார். நீள நோட்டு. தேதி, பெயர், என்ன லிஃப்ட், எத்தனை கிலோ. அவ்வளவுதான் பத்திகள். இடம், பரிசு என்றெல்லாம் கோடு போடவே விடமாட்டார்.

ஒரு முறை ஒருவன் மாவட்டப் போட்டியில் முதலாவது வந்து, கழுத்தில் மெடலோடு நேராகக் கொட்டகைக்கு வந்தான். மாஸ்டர் மெடலைப் பார்க்கவில்லை. “எவ்ளோ எடுத்த?” என்றார். சொன்னான். “போன மாசம் இங்கயே அதுக்கு மேல ரெண்டரை எடுத்தியே, நோட்டுல கீது பாரு” என்றார். எனக்குப் பேனாவை மூடச் சொல்லிச் சைகை. பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. அதே போட்டியில் கடைசியாக வந்த இன்னொருவன், பிளேட்டைப் பார்த்தாலே கால் நடுங்குகிறவன், முதல் முறையாக ஒரு எடையைத் தாண்டியிருந்தான். அவனுக்கு ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்துக் கொடுத்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. மெடல்காரன் அதற்கப்புறம் வேறு ஜிம்முக்குப் போய்விட்டான், அவனைக் குறை சொல்ல முடியாது. மாஸ்டரிடம் கொஞ்சம் கொடூரமும் இருந்தது. ஆனால் அந்த நோட்டில் பொய் இல்லை.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். மெடல் இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டா, மெடல் இருந்தால்தான் ரயில்வே, போலீஸ் என்பீர்கள். உண்மைதான். சதீஷும் தென்னக ரயில்வே ஊழியர்தான். அது சர்க்காரின் கணக்கு, அவர்களுக்குச் சான்றிதழைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அக்காவுக்கு என்ன கட்டாயம்?

சொந்தக்காரர்களுக்கு வருகிறேன். 1978 எட்மண்டன் காமன்வெல்த்தில் 52 கிலோவில் ஏகாம்பரம் கருணாகரன் தங்கம், 56 கிலோவில் தமிழ்ச்செல்வன் வெள்ளி. அடுத்த கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது இந்த இரண்டு பேரையும் யாருக்காவது தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மெடல் வாங்கினாலும் மறந்துபோகிற கூட்டத்துக்கு உங்கள் தம்பி எதைக் காட்டி வாயை மூட முடியும்? இவர்களுக்காகவா ஒரு பையன் இத்தனை வருடம் ஸ்குவாட் போட்டான்?

போட்டியில் அவனுக்குக் கிடைப்பது ஸ்நாட்சில் மூன்று, கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று என்று ஆறே ஆறு லிஃப்ட். பெயர் கூப்பிட்டதும் கடிகாரத்தில் ஒரு நிமிடம். தலைக்கு மேல் போன பிறகு முழங்கை கொஞ்சம் மடங்கி நீண்டாலும் சிவப்பு விளக்கு, அதாவது செல்லாது. மூன்று நடுவரில் இருவராவது வெள்ளை போட வேண்டும். அதற்குள் போன வருடத்தைவிட ஏழு கிலோ. ரியோவில் மீராபாய் சானு கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று வாய்ப்பையும் விட்டு, மொத்தக் கணக்கே இல்லாமல் திரும்பினார். அடுத்த வருடமே 194 கிலோ தூக்கி உலக சாம்பியன். உங்கள் தம்பியும் ஆவான் என்று சொல்லவில்லை, ஆகாமலும் போகலாம். நான் கேட்பது அந்த அடைப்புக்குறியை எடுக்கச் சொல்லித்தான்.

குரூப் 4 எழுதட்டும், யார் வேண்டாமென்றது. காலையில் படித்துவிட்டுச் சாயங்காலம் ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். விடுவதா வேண்டாமா என்பதை அவனிடம் கேளுங்கள், எனக்கு ஏன் எழுதுகிறீர்கள்? இன்னொன்று. ஏழு கிலோ ஏறியது ஸ்நாட்சிலா, கிளீன் அண்ட் ஜெர்க்கிலா? மொத்தத்தை மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. ஸ்நாட்ச் நின்றுபோய் ஜெர்க் மட்டும் ஏறியிருந்தால் தோளைப் பார்க்க வேண்டும், கோச்சிடம் இப்போதே சொல்லச் சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். ‘தூக்கினானாம்’ இல்லாமல்.