வாகெனிங்கனுக்கு நாற்பது மின்னஞ்சல், பதில் பூஜ்யம்

தாவர உயிரியலில் பிஎச்டி முடிக்கப்போகிறேன், நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இடம் கேட்டு நாற்பது பேராசிரியர்களுக்கு எழுதியும் ஒருவர்கூடப் பதில் போடவில்லை என்கிறீர்கள். குறை உங்கள் சிவியில் இருக்கும் என்று தோன்றவில்லை. நெதர்லாந்தில் போஸ்ட்டாக் என்பது பெரும்பாலும் சம்பள வேலை. திட்டத்துக்குப் பணம் வந்தால்தான் இடம் திறக்கும். திறந்தால் அகாடமிக் டிரான்ஸ்ஃபர் என்ற கல்வித்துறை வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரம் வரும். அங்கே அலர்ட் போட்டு வையுங்கள். விளம்பரத்தில் ‘0.8 எஃப்டிஇ’ (முழுநேர வேலையில் 0.8 பங்கு) என்றிருந்தால் வாரம் நான்கு நாள் வேலை, சம்பளமும் அந்த அளவுதான். இதைக் கவனிக்காமல் முழுச் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருந்தவன் நான்.

அப்புறம், எழுதுவதை நிறுத்த வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள். “இடம் இருக்கிறதா?” என்று கேட்காமல், “மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு உங்கள் ஆய்வகத்தின் வழியாக விண்ணப்பிக்கலாமா?” என்று கேளுங்கள். அதற்கு ஐரோப்பிய ஒன்றியமே பணம் தருவதால் பேராசிரியருக்குச் செலவில்லை அல்லவா! கெடு வழக்கமாகச் செப்டம்பரில் வரும். அதற்குள் பிஎச்டி கையில் இருக்க வேண்டும். கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் நெதர்லாந்தில் இருந்திருக்கவும் கூடாது. மே மாதமே எழுதிவிடுங்கள், ஜூலை பிறந்தால் பலர் விடுமுறையில் போய்விடுவார்கள். வேலை கிடைத்துவிட்டால் விசா பற்றிக் கவலை வேண்டாம், பொதுவாகப் பல்கலைக்கழகமே விண்ணப்பித்துவிடும்.